மூன்றாவது தூணருகே நிற்கிற மகனுக்கு

செந்தில்,

போன வியாழக்கிழமை, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற இந்த வாட்ஸ்அப் குழுவில் நீ ஆங்கிலத்தில் நான்கு வரி போட்டாய். அம்மாவுக்கு இப்போதெல்லாம் ஞாபக மறதி அதிகமாகிறது, சொல்லாமல் எங்கெங்கோ போய்விடுகிறாள், எல்லோரும் அடிக்கடி போன் பண்ணிப் பேசுங்கள் என்று. முடிவில் கைகூப்புகிற பொம்மை ஒன்றையும் வைத்திருந்தாய். நீ எல்லோருக்கும் முன்னால் சொன்னதால் நானும் எல்லோரும் பார்க்கவே பதில் சொல்கிறேன். தமிழில்தான் சொல்வேன். புனேயில் பிறந்து வளர்ந்த உனக்குத் தமிழ் பேச வரும், படிப்பதென்றால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகப் படி. முடியவில்லை என்றால் உன் மனைவி கோயம்புத்தூரில் படித்தவள், அவளை வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேள். பாதியில் எழுந்து போகாதே. கட்டைவிரல் வலிக்க வலிக்க இவ்வளவையும் போனில் தட்டியிருக்கிறேன்.

முதலில் அந்த நான்கு வரி என்ன செய்தது என்று சொல்கிறேன். அன்று சாயங்காலமே பாளையங்கோட்டையிலிருந்து உன் அத்தை போன் பண்ணினாள். எடுத்த எடுப்பில், "மைனி, இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். "வியாழக்கெழம. போன தீவாளிக்கு நீ கட்டிப் பாத்துட்டுத் தாரேன்னு கொண்டு போன பச்சைப் பட்டு இன்னும் வந்து சேரலை, அதுவும் ஞாபகம் இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவள் கிழமை கேட்கவில்லை. சென்னையிலிருந்து உன் சித்தப்பா வெண்டைக்காய் சாப்பிடச் சொன்னார். இங்கே புனேயில், ஔந்தில் எங்கள் கீழ்வீட்டு மராட்டிக்காரம்மா நான் மாடிப்படி இறங்குவதைக் கண்டால் கதவைத் திறந்து, வீட்டைப் பூட்டினீர்களா என்று கேட்கிறாள். அவளிடமும் நீ சொல்லி வைத்திருக்கிறாய். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளிடம் இப்போது ஊரே வாய்ப்பாடு கேட்கிறது.

எனக்கு மறதி இல்லை. அது உனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாய். ஏன் சொன்னாய் என்பது இந்தக் குழுவில் இருக்கிறவர்களுக்குத் தெரியாதல்லவா, அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லாம் நீ வாங்கிக் கொடுத்த கேமராவில்தான் ஆரம்பித்தது. உன் மகள் பிறந்தபோது, "அம்மா, நீயே இவளைப் படம் எடு, வீட்ல சும்மா இருக்காத" என்று பெரிய கேமரா ஒன்றை என் மடியில் வைத்தாய். எடுத்தேன். உன் மகள் ஒரு நொடி ஓரிடத்தில் இருப்பாளா? நான் எடுத்த படங்களில் பாதியில் காதும் மீதியில் முழங்காலும்தான் இருக்கும். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக, ஓடாத பொருளாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தேன். எங்கள் கட்டடத்தின் படிக்கட்டு, ஆற்றுப் பாலம், பழைய தொழிற்சாலைச் சுவர். நேர்கோடு நேராக நிற்க வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பிடிவாதம் உண்டு. கட்டடங்களைப் படமெடுப்பதில் அதுதான் பாதி வேலை என்று பிறகுதான் தெரிந்தது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். முக்காலியை நட்டு, அதன் மேல் கொத்தனார் வைத்திருப்பாரே, அந்த ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கிற வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் காத்திருப்பு பிடித்துப்போனது.

ஊருக்கு வெளியே ஆற்றை ஒட்டி ஒரு பழைய மின்நிலையம் மூடிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பார்த்துக்கொள்கிற அதிகாரியிடம் போய்க் கேட்டேன். ஓய்வு பெறப் போகிற மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலைக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும், மேல்தளத்து இரும்புக் கம்பி நடைபாதைகளில் கால் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார். ஒரு வருஷமாக மாதத்துக்கு இரண்டு மூன்று முறை போகிறேன். ஆட்டோவில் முக்காலியைக் குறுக்கே வைத்துக்கொண்டு போகிற கிழவியைப் பார்த்து முதலில் சிரித்த டிரைவர், இப்போது மேம்பாலத்திலிருந்து அந்தப் புகைபோக்கி தெரிந்ததும் அவராகவே வேகத்தைக் குறைக்கிறார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாயே, சொல்கிறேன். கல்யாண மண்டபம் நான்கைச் சேர்த்துப் போட்டாலும் அந்த டர்பைன் கூடத்தில் இடம் மிஞ்சும். இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள். தெற்குச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஒல்லியான கண்ணாடி ஜன்னல்கள். மேலே இரும்பு உத்தரங்கள், அவற்றுக்குக் கீழே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஓடிக்கொண்டிருந்த கிரேன், இப்போது நடுவழியில் நின்றுவிட்டது. டர்பைன்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவை உட்கார்ந்திருந்த கான்கிரீட் மேடைகள் இருக்கின்றன. அடுத்த கூடத்தில் நிலக்கரி கொட்டிய பெரிய பெரிய இரும்புப் புனல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. கூடத்தின் மேற்குக் கோடியில், மாடிப்படி ஏறிப் போனால் கட்டுப்பாட்டு அறை. அந்தப் படியின் கைப்பிடிக் கம்பி கீழே வந்து முடிகிற இடத்தில் அழகாக வளைந்து சுருள்கிறது. அங்கே அந்த வளைவு தேவையே இல்லை. மின்சாரம் அது இல்லாமலும் வந்திருக்கும். யாரோ ஒருவர் நின்று, யோசித்து, வளைத்திருக்கிறார். நான் அந்த ஒரு வளைவை மட்டும் ஆறு படம் எடுத்திருக்கிறேன்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அது கக்கிய புகையில் சுற்றுவட்டாரமே இருமியது என்று அங்குள்ள வாட்ச்மேனே சொல்வார். மூடியது நல்லதுதான். தை முடிந்ததும் இடிக்கப் போகிறார்கள், அதற்கும் நான் கொடி பிடிக்கவில்லை. ஆனால் போவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த ஒருவர் நானாக இருப்பதில் உனக்கு என்ன நஷ்டம்?

நீ சொல்வதில் நியாயமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். போன மழைக்காலத்தில் அங்கே பாசியில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் விரிசல். உன்னிடம் குளியலறையில் விழுந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். நீ மறுநாளே ஆள் அனுப்பி, குளியலறைச் சுவர் முழுக்க எவர்சில்வர் கைப்பிடிக் கம்பிகள் அடித்துவிட்டாய். ரயில் பெட்டி மாதிரி ஆகிவிட்டது. இப்போது அவற்றில் கேமரா துடைக்கிற துணிகளைக் காயப்போடுகிறேன். கட்டுப் பிரித்த அன்று டாக்டரிடம் உண்மையை உளறிவிட்டேன், நீ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். நீ கார் கதவைச் சாத்திய சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துபோனது. அப்போதே நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது இந்தக் குழுவில் எல்லோருக்கும் முன்னால் கேட்கிறேன். ஆனால் பொய் சொன்னதற்கு மட்டும்தான், போனதற்கு இல்லை.

கை சரியானதும் மறுபடி போனேன். ஒரு சனிக்கிழமை நீ என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாய். அந்தக் கூடத்தின் சுவர் தடிமனானது, உள்ளே போன் எடுக்காது. இரண்டு மணி நேரமாக முயற்சி செய்து பார்த்துவிட்டு, எங்கள் கட்டட வாட்ச்மேனிடம் விசாரித்து, பாணேரில் இருக்கிற உன் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாய். காலில் பளபளவென்று ஆபீஸ் ஷூ. அது அந்தத் தரையில் டக் டக் என்று எதிரொலித்தது.

"எதுக்கும்மா போன் வச்சிருக்க? தூக்கிப் போட்டுரு அத."

"ஏல, கத்தாத. புறா எல்லாம் கலையுது."

"புறாவா இப்ப முக்கியம்? என்ன இருக்கு இங்க? கபாட்மா இது, சும்மா கபாட். தூசி, எச்சம், துரு. இதுக்காகவா விழுந்து கைய ஒடச்சிக்கிட்ட?"

பழைய சாமான்காரன் சைக்கிளில் வந்து கூவுகிற வார்த்தையை அந்தக் கூடத்துக்கு நடுவில் நின்று சொன்னாய். நான் குனிந்து ரசமட்டத்துக் குமிழியைப் பார்த்தேன். நீ விடவில்லை. "மூடியாச்சுன்னா மூடியாச்சும்மா. உனக்கும் வயசாயிடுச்சு. பேசாம எங்க வீட்டுக்கு வந்து இரு. ரூம் ரெடியா இருக்கு" என்றாய்.

நீ பேசிக்கொண்டே இருந்தாய், நான் பொத்தானை அமுக்கினேன். வீம்புதான். அந்தச் சமயத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ரெண்டு நிமிஷம். கேமரா தொறந்திருக்கு. அதுவரைக்கும் எங்கிட்ட பேசாத" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை நீ பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. உன் ஷூ சத்தம் கூடத்துக்குள்ளே போனது. கொஞ்ச நேரம் இங்கும் அங்கும் நடந்தது. அப்புறம் சத்தமே இல்லை. வெளியே போய்விட்டாய் என்று நினைத்தேன். மறுபடி ஷூ சத்தம் கேட்டதும் கேமரா மூடிக்கொண்டதும் ஏறக்குறைய ஒரே நேரம். திரும்பிப் பார்த்தபோது நீ கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாய். ஔந்து வந்து சேரும் வரை காரில் நாம் பேசியது இரண்டே வாக்கியம். "இனிமே நீ அங்க போகமாட்ட" என்றாய். "போவேன்" என்றேன்.

மார்கழி பிறந்ததும் போனேன். காரணம் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டு அறையை நான் இன்னும் எடுக்கவில்லை. கூடத்தைப் பார்த்த அதன் கண்ணாடிச் சுவர் எப்போதும் இருட்டாகவே இருக்கும். சூரியன் தெற்கே சாய்கிற இந்த இரண்டு மாதத்தில் மட்டும், காலையில் கொஞ்ச நேரம், ஜன்னல்கள் வழியாக வெயில் கூடத்தின் கோடி வரை நீண்டு அந்தக் கண்ணாடிக்குள் நுழையும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். போன வருஷம் எனக்கு அது தெரியாமல் தவறிப்போனது. அடுத்த வருஷம் கட்டடமே இருக்காது. ஆகவே இதுதான் கடைசித் தடவை. முக்காலியோடு கேட்டில் போய் இறங்கினால், எப்போதும் சலாம் வைக்கிற வாட்ச்மேன் ஓடி வந்து நாற்காலி போட்டார். "ஆயி, பசா, பசா" என்று என் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். டீ வாங்கி வந்தார். ஒரு குழந்தையிடம் பேசுவது போல, என் பெயர் ஞாபகம் இருக்கிறதா, வீடு எங்கே என்று இந்தியில் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்த அதிகாரி வந்து, மிகுந்த மரியாதையோடு, "மேடம், உங்கள் மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வழி மறந்து உள்ளே எங்காவது போய்விட்டால் எங்களால் பொறுப்பேற்க முடியாது" என்றார்.

செந்தில், நீ என்னைத் திட்டியிருக்கலாம். வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், ஜன்னலில் நின்று உன்னோடு சண்டை போட்டிருப்பேன். என் மூளையை எடுத்துக்கொண்டு போய் ஒரு அந்நியர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாயே. அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் எது சொன்னாலும் அவர்கள் பாவம் என்கிற மாதிரி தலையாட்டினார்கள். கோபப்பட்டால் அதுவும் வியாதி, சிரித்தால் அதுவும் வியாதி. வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை. டீயை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். கொட்டியிருந்தால் கை நடுங்குகிறது என்று சொல்லியிருப்பார்கள்.

கிளம்பும்போது அதிகாரி ஒன்று சொன்னார். "உங்கள் மகன் மிகவும் பயந்துபோயிருக்கிறார், மேடம்." அதை நான் ஆட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தேன். உன் அப்பா போன அன்று நீ பெங்களூரில் வேலையில் இருந்தாய். காலையிலிருந்து வீட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தாய், யாரும் எடுக்கவில்லை. நான் அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தேன், போன் சமையலறையில் கிடந்தது. சாயங்காலம் நான் கூப்பிட்டபோது, எதுவும் சொல்வதற்கு முன்பே, "அப்பாவா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து போனை யாரும் எடுக்காவிட்டால் உனக்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு அது தெரியும். மறதிக்காரி என்றாயே, அந்த ஒரு வார்த்தையை நீ கேட்ட குரலைக்கூட நான் மறக்கவில்லை. அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். கேட்டுக்குள் நுழையும்போது ஒரு போன், வெளியே வந்ததும் ஒரு போன். தலைக்கவசம், கெட்டியான ஷூ, மேல்தளக் கம்பிப் பாதையில் ஏறவே மாட்டேன். பாணேருக்கு ஞாயிறு தோறும் வருவேன், பேத்தியோடு இருப்பேன், ராத்திரி என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். எனக்கென்று ஒதுக்கிய அந்த அறையை வேறு எதற்காவது வைத்துக்கொள். இதற்கு மேல் ஒரு அங்குலம் இறங்கி வரமாட்டேன். உன் பயத்துக்காக நான் போன் பண்ணுவேன். உன் பயத்துக்காக நான் பைத்தியமாக முடியாது.

இனி இதற்குக் கீழே நான் போட்டிருக்கிற படத்தைப் பார். பார்ப்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள். இருட்டான கூடத்தில் கேமராவைப் பல நொடிகள், சில சமயம் நிமிஷக்கணக்கில் திறந்து வைக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் குறுக்கே நடக்கிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். அந்த வாட்ச்மேன் தெரியாமல் குறுக்கே வந்துவிட்டு மன்னிப்புக் கேட்பார், நான் படத்தைக் காட்டுவேன், அதில் அவர் இருக்கவே மாட்டார். தான் ஒரு பேய் என்று சொல்லிச் சிரிப்பார். அசையாமல் நிற்பது எதுவோ அதுதான் படத்தில் தங்கும். அதனால் நீ வந்த அன்று எடுத்த படத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதில் நீ இருக்க மாட்டாய் என்று நினைத்தேன், இருந்தாலும் அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்கு ஆசையில்லை. கேட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மறுநாள், செய்ய வேறு வேலை இல்லாமல், பழைய படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலது பக்கம், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் பார். பெரிதாக்கிப் பார். நிற்பது நீதான். லேசாக, சட்டைக்குப் பின்னால் இருக்கிற செங்கல் தெரிகிற அளவுக்கு லேசாக. ஆனால் நீதான். போன் பிடித்த கை தொங்குகிறது. தலை முழுசாக அண்ணாந்திருக்கிறது. கூரையைப் பார்க்கிறாய், அந்த உத்தரங்களை, நடுவழியில் நின்ற கிரேனை. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. சின்ன வயதில் கணேசர் ஊர்வலம் பார்க்க அப்பா தோளில் ஏறி உட்கார்ந்தால் உன் வாய் அப்படித்தான் திறந்துகொள்ளும். அந்த அளவுக்குப் படத்தில் விழ வேண்டுமென்றால் பாதி நேரத்துக்கு மேல் நீ அசையாமல் நின்றிருக்க வேண்டும். ஷூ சத்தம் நின்றுபோனதே, அப்போது நீ வெளியே போகவில்லை. கபாட் என்று சொன்னவன் ஒரு நிமிஷத்துக்கு மேல் மூச்சுக் காட்டாமல் நின்று பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாவியைச் சுழற்றிக்கொண்டு போயிருக்கிறாய். என்னை ஏமாற்றலாம், கேமராவை ஏமாற்ற முடியாது.

அந்த அதிகாரியிடம் நான் போனில் பேசிவிட்டேன். குடும்பத்திலிருந்து யாராவது நேரில் வந்து சொன்னால் விடுகிறேன் என்றார். யாராவது எல்லாம் வேண்டாம், சொன்னவனே வர வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் முக்காலியோடு கேட்டில் நிற்பேன். நீ வந்து, அந்த வாட்ச்மேனுக்கும் அதிகாரிக்கும் முன்னால், எங்கள் அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று உன் வாயால் சொல்ல வேண்டும். இந்தக் குழுவிலும் அதையே நான்கு வரியில் போட வேண்டும், கைகூப்புகிற பொம்மை இல்லாமல். நீ வராவிட்டால் நான் திரும்பிப் போய்விடுவேன் என்று நினைக்காதே. வெளியே ரோட்டில் முக்காலியை நட்டு, ரசமட்டம் வைத்து, உள்ளே விடாத கேட்டையே படம் எடுப்பேன். இடிக்கிற அன்றும் அங்கேதான் நிற்பேன்.

வந்தாயானால், அந்த வழுக்குகிற ஷூவைப் போட்டுக்கொண்டு வராதே. வெயில் கண்ணாடிக்குள் நுழையும்போது உன்னை மறுபடி அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தப் போகிறேன். அன்று உன்னில் பாதிதான் கிடைத்தது. இந்தத் தடவை நான் போதும் என்று சொல்கிற வரைக்கும் அசையாதே.

அம்மா